கண்ணாடிக்குள் கவ்வாத்து

காச ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு
18.11.1962

திரு. சோலைமலை அவர்களுக்கு,

பூரணி எழுதுவது. கூடப் பிறந்தவனுக்குத் 'திரு' போட்டு எழுதுகிறாளே என்று நினைக்க வேண்டாம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் நோர்வூட் தோட்டத்தில், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் அத்தனை பேர் முன்னாலும், "லயத்த விட்டுப் போறவளுக்கு அண்ணன் இல்ல" என்று சொன்னது நீங்கள்தான். நான் சொன்ன பேச்சைக் கேட்கிறவள். அந்த முறை சொல்லிக் கூப்பிடுவதை அன்றோடு விட்டுவிட்டேன். அண்ணி என்று கூப்பிட யாரும் தடை போடவில்லை. மீனம்மா அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

விஷயம் இதுதான். மூன்று மாதமாக இருமல். கொட்டகலையில் மருந்து வாங்கிக் குடித்துக் குடித்து, கடைசியில் சளியில் ரத்தம் வந்ததும் அட்டனுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து நேராக இங்கே, கொழும்புப் பக்கத்துக்கு. நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்து இடது பக்கம் ஓட்டை என்கிறார்கள். தினமும் ஊசி. ஆறு மாதமோ எட்டு மாதமோ ஆகும் என்று டாக்டர் சொல்கிறார். உடம்பைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. செடியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நான் தோட்டத்தை விட்டுப் போனபோது கொண்டுபோன கண்ணாடி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பழைய பெரியதொரை சீமைக்குப் போன பிறகு, புதிதாக வந்தவர் பங்களாவில் பூச்செடி வளர்த்த கண்ணாடிக் கொட்டகையைப் பிரித்துவிட்டுப் பந்து விளையாட இடம் போடச் சொன்னார். கண்ணாடியையும் சட்டத்தையும் கேட்டேன், எடுத்துக்கொள் என்றார். அதைக் கொட்டகலையில் அன்ஸார் நானாவின் கடைக்குப் பின்னால் நிறுத்தித்தான் இந்த ஐந்து வருஷமும் சாப்பிட்டேன். வெளியே மழையில் அழுகுகிற தக்காளி உள்ளே நன்றாக வரும். சலாது இலையும் வரும். பங்களாக்களில் சமைக்கிற அப்புமார்களும் ரெஸ்ட்ஹவுஸ் அப்புவும் வந்து வாங்கிப் போவார்கள். மிச்சம் நானாவின் கடையிலேயே விற்றுவிடும்.

நிலம் நானாவுடையது. கண்ணாடிக்குள் பயிர் நிற்கிற வரைக்கும் இடம் உனக்கு, காலியாகக் கிடந்தால் லொறிக்குக் கொட்டகை போட்டுவிடுவேன் என்று முதல் நாளே சொன்னார். நியாயமான மனிதர், சொன்னதைச் செய்வார். இப்போது உள்ளே நாற்பத்தெட்டுத் தக்காளிச் செடி நிற்கிறது. அது போனால் இடம் போகும். இடமும் போய்விட்டால், இந்த நெஞ்சோடு என்னை எந்தத் தோட்டத்திலும் கொழுந்து பறிக்கச் சேர்க்க மாட்டார்கள்.

வாரத்தில் இரண்டு நாள் போய்ப் பார்த்தால் போதும். மற்ற நாட்களில் நானாவின் சம்சாரம் அசீசா தண்ணீர் ஊற்றுவார். சாவி அவரிடம் இருக்கிறது. வேறு யாராவது இருந்திருந்தால் உங்களைக் கேட்டிருக்க மாட்டேன்.

பூரணி

*

நோர்வூட்
27.11.1962

பூரணிக்கு,

உன் கடிதத்தைக் கிளாக்கர் ஐயா கூப்பிட்டுக் கொடுத்தார். மேலே 'திரு' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, "என்ன சோலைமலை, கோர்ட்டுல இருந்து வந்திருக்கா?" என்று கேட்டார். மலைக்குப் போகிற வழியில் படித்தேன். அன்றைக்கு வேலை ஓடவில்லை.

இருமல் மூன்று மாதம் என்றால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். கொட்டகலைக்கும் நோர்வூட்டுக்கும் நடுவில் கடலா இருக்கிறது? கோபத்தில் நான் ஒன்று சொன்னேன். அதை நீ ஐந்து வருஷமாக முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாய். அப்பாவின் பிடிவாதம் எனக்கு வந்திருப்பதாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். உன்னை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை.

ஆனாலும் நான் சொன்னது முழுக்கத் தப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தில் பேர் இருந்தால்தான் நமக்குக் குடியிருக்க லயத்தில் காம்பரா, அரிசி, மருந்து எல்லாம். பேர் இல்லாதவன் எங்கே போய் நிற்பான்? செல்லசாமி மாப்பிள்ளை போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகவில்லை, நீ பேரை வெட்டச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கூடையில் தூக்கிக்கொண்டு நடந்தாய். எனக்குப் பயம். பயத்தைக் காட்டத் தெரியாமல் கத்தினேன்.

சனிக்கிழமை போய்ச் சாவி வாங்கினேன். செடிகளைப் பார்த்தேன். நீ கவலைப்பட வேண்டாம். இருபத்தாறு வருஷம் கவ்வாத்து வெட்டியவன் நான். கிழடு தட்டின தேயிலையைக் கட்டையாக வெட்டிவிட்டு மறுபடி துளிர்க்க வைக்கிறவனுக்குத் தக்காளி ஒரு செடியா? என் கத்திக்குத் தெரியாத தண்டு இந்த மலையில் கிடையாது. என்னென்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுது.

மீனம்மா இரண்டு நாளாக அழுகிறாள். நான் அழவில்லை.

சோலைமலை

*

ஆஸ்பத்திரி
5.12.1962

திரு. சோலைமலை அவர்களுக்கு,

போனதற்கு நன்றி. கத்தியைக் காம்பராவிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அங்கே நகம் போதும்.

காலையில் பனி விலகியதும் கூரையில் இருக்கிற இரண்டு கண்ணாடிகளையும் கம்பு கொடுத்துத் தூக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வேர்த்து ஊற்றி இலை அழுகும். மூன்று மணிக்கு மேல் மூடிவிட வேண்டும். மலை ஊற்றிலிருந்து வருகிற பீலித் தண்ணீர் ஐஸாக இருக்கும். அதைக் காலையிலேயே பிடித்துக் கொட்டகைக்குள் வைத்து, குளிர் விட்ட பிறகு வேரில் மட்டும் ஊற்றுங்கள். இலையில் ஒரு சொட்டு படக்கூடாது. இலைக்கும் தண்டுக்கும் நடுவில் கைக்குழந்தை மாதிரி ஒரு துளிர் வரும், அதைக் கிள்ளிவிடுங்கள்.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். பத்து மணி சுமாருக்கு வெயில் ஏறியதும், சின்ன மூங்கில் குச்சியால் ஒவ்வொரு பூங்கொத்தின் காம்பையும் மெதுவாகத் தட்ட வேண்டும். வெளியில் என்றால் காற்றும் தேனீயும் அந்த வேலையைச் செய்யும். கண்ணாடிக்குள் யார் வருவார்கள்? தட்டாவிட்டால் பூ அப்படியே உதிரும், காய் பிடிக்காது.

இங்கே டாக்டர் என் முதுகில் ஒரு விரலை வைத்து மற்ற விரலால் தட்டிக் கேட்கிறார். காய் பிடித்திருக்கிறதா என்று கேட்க வாய் வந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது, விட்டுவிட்டேன்.

பூரணி

*

கொட்டகலை
30.12.1962

பூரணிக்கு,

நீ சொன்னபடி எல்லாம் நடக்கிறது. பூவைத் தட்டுகிறேன். முதல் நாள் அன்ஸார் நானா வேலி ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு, "என்ன சோலைமலை, பூவுக்கு மந்திரிக்கிறீங்களா?" என்று கேட்டார். கவ்வாத்து வெட்டின கையில் மூங்கில் குச்சி பிடித்து நிற்கிற கோலத்தை நம் தோட்டத்து ஆட்கள் யாரும் பார்க்கவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். ஆனால் காய் பிடிக்கிறது. நெல்லிக்காய் அளவில் இருக்கிறது.

ரெஸ்ட்ஹவுஸ் அப்பு வந்து சலாது இலை எடுத்துப் போனார். ஏப்ரலில் கொழும்பு ஆட்கள் மலைக்கு வருகிற சீசனுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு கூடை பழம் வேண்டும், பூரணி கொடுத்துவிடுவாள் என்று நம்பியிருக்கிறேன் என்றார். நான் கொடுக்கிறேன் என்றேன். உன் பேரைச் சொல்லும்போது அந்த மனிதர் மரியாதையாகச் சொன்னார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது.

காலையில் தண்ணீர் தூக்கித் தூக்கித் தோள்பட்டை விட்டுப்போகிறது. தேயிலைக்கு நாம் தண்ணீர் ஊற்றியதே கிடையாது. வானம் பார்த்துக்கொள்ளும். இந்தச் செடி தினமும் நம் முகத்தைப் பார்க்கிறது.

சோலைமலை

*

ஆஸ்பத்திரி
9.1.1963

திரு. சோலைமலை அவர்களுக்கு,

காய் பிடித்த சேதி கேட்டு அன்றைக்குக் கொஞ்சம் சோறு சாப்பிட்டேன்.

தினமும் தண்ணீர் தூக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். கடிதமும் கொட்டகலையிலிருந்து வருகிறது. வாரத்தில் இரண்டு நாள் என்றுதானே சொன்னேன்? நோர்வூட்டில் பெரட்டுக்கு யார் நிற்கிறார்கள்?

சளியில் இன்னும் கிருமி இருக்கிறதாம். ஊசி போட்டுப் போட்டுக் காதுக்குள் எந்நேரமும் ஆலைச் சத்தம் கேட்கிறது. இங்கே வெக்கை. கட்டில் கம்பி கூடச் சுடுகிறது. எழுத உட்கார்ந்தாலே களைத்துப்போகிறேன், அதனால் சுருக்கமாக முடிக்கிறேன். இந்நேரம் செடி கூரையைத் தொட்டிருக்கும். தலையைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். ஏப்ரல் கூடைகள் போனால்தான் மழைக்காலம் முடியும் வரை தாக்குப் பிடிக்கலாம்.

பூரணி

*

கொட்டகலை
2.2.1963

பூரணிக்கு,

பெரட்டைப் பற்றி நீ கவலைப்படாதே, அது என் பாடு. ஒரு நல்ல சேதி எழுதுகிறேன்.

தை பிறந்ததிலிருந்து செடிகள் சரியில்லை. ஒரு வாரம் விடாமல் மூடுபனி. அடி இலையெல்லாம் மஞ்சளாகி, ஓரம் கருகி, தலை கூரைக் கண்ணாடியில் இடித்து வளைந்து கிடந்தது. காய் இருந்தது, ஆனால் கல்லாக நின்றது, பெருக்கவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். தேயிலை இப்படிச் சோர்ந்துபோனால் என்ன செய்வோம்? அடக்கி வைக்கச் சொல்லி நீயும் எழுதிவிட்டாய். வியாழக்கிழமை நோர்வூட் போய்க் கத்தியை எடுத்து வந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் கவ்வாத்துப் போட்டுவிட்டேன்.

நாற்பத்தெட்டும். தரையிலிருந்து ஒரு சாண், மட்டம் பிசகாமல், தண்டு பிளக்காமல் ஒரே வெட்டு. மலையில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா பார்த்திருந்தால் தட்டிக் கொடுத்திருப்பார். கடைசி வரிசைக்கு வரும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிய முடியாமல் அந்த ஒன்பதை மட்டும் முழங்கால் உயரத்தில் வெட்டினேன். அது பார்க்க அசிங்கமாக இருக்கிறது, நீ வருவதற்குள் சரிசெய்துவிடுகிறேன். பச்சைக் காய்களை மீனம்மாவுக்குக் கொடுத்தனுப்பினேன், புளி விட்டுக் கடைந்தாளாம். வெட்டிய மிளாறைக் கட்டி வைத்தேன். தக்காளித் தண்டு அடுப்புக்கு ஆகாது என்று பிறகுதான் தெரிந்தது.

இனி மூன்று மாதம் ஓய்வு. அப்புறம் பார், துளிர் எப்படிக் கிளம்புகிறது என்று. நீ ஊரில் இருந்தால் கூட இந்த வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டாய்.

சோலைமலை

*

ஆஸ்பத்திரி
7.2.1963

கடிதம் வந்தது.

பக்கத்துக் கட்டில் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, யார் செத்தது என்று சிங்களத்தில் கேட்டாள். நாற்பத்தெட்டுப் பேர் என்று சொன்னேன். பாவம், அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

தக்காளி தேயிலை இல்லை. தேயிலை மரம். அதை வெட்டி வெட்டித்தான் நாம் இடுப்பளவுச் செடியாக வைத்திருக்கிறோம். வெட்டினால் வெட்டின கோபத்தில் துளிர்க்கும். தக்காளிக்கு ஆயுசே எட்டு மாதம். அது ஒரு முறை பூத்து, ஒரு முறை காய்த்து, முடிந்துபோகிற உயிர். காயோடு நின்ற செடியைக் கட்டையாக்கிவிட்டு, மட்டம் பிசகவில்லை என்று எனக்கே எழுதுகிறீர்கள். கருகிய இலையை மட்டும் கிள்ளி எறிந்து, கூரைக் கண்ணாடியைத் திறந்து வைத்திருந்தால் தேறியிருக்கும். தலையை அடக்கு என்றால் நுனியைக் கிள்ளு என்று அர்த்தம். கத்தியைக் காம்பராவில் வையுங்கள் என்று எழுதினேனா இல்லையா?

உங்களுக்கு வெட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. அன்றைக்குப் பெரட்டுக்களத்தில் என்னையும் அப்படித்தான் வெட்டினீர்கள். ஒரே வெட்டு, தண்டு பிளக்கவில்லை. நான் துளிர்த்துக் காட்டினேன். இரண்டாவது தடவைக்கு என்னிடம் உயிர் இல்லை.

சாவியை அசீசாவிடம் கொடுத்துவிட்டு நோர்வூட்டுக்குப் போய்விடுங்கள். இனி எழுத வேண்டாம்.

பூரணி

*

கொட்டகலை
3.3.1963

பூரணிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஒரு மாதம் எழுதாமல் இருந்தேன். சாவியைக் கொடுக்கவில்லை.

நான் செய்தது தப்பு. இந்த ஒரு வரியை எழுதத்தான் ஒரு மாதம் ஆனது.

உன் கடிதம் வந்த பிறகும் நான் நம்பவில்லை. கட்டைகளுக்கு முன்னால் போய்ப் போய் உட்கார்ந்தேன். பதினைந்து நாளில் முதல் வரிசை காய்ந்து உள்ளே பொக்கையாகிவிட்டது. விரலால் அழுத்தினால் நொறுங்குகிறது. ரெஸ்ட்ஹவுஸ் அப்பு வந்தார். கதவைத் திறந்து பார்த்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். சீசனுக்கு நுவரெலியாவில் வேறு ஆளிடம் சொல்லிவிட்டதாக அசீசா சொன்னார்.

அன்ஸார் நானாவிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். மழை தொடங்குகிற வரைக்கும் பார்க்கிறேன், உள்ளே பயிர் என்று சொல்ல ஏதாவது நின்றால் சரி, இல்லாவிட்டால் லொறிக்கு இடம் வேண்டும் என்றார். காய்ந்ததைப் பிடுங்கிவிட்டு முள்ளங்கியும் சலாதும் போட்டிருக்கிறேன். கடைசி வரிசையைப் பிடுங்கவில்லை. அந்த ஒன்பது கட்டையும் இன்னும் பச்சையாக இருக்கிறது. அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரிப் பேச இனி வாய் வராது.

பதில் போட வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

சோலைமலை

*

ஆஸ்பத்திரி
21.3.1963

திரு. சோலைமலை அவர்களுக்கு,

நேற்று அசீசா வந்திருந்தார். கொழும்பில் அவர் தங்கை பௌசியா வீட்டில் விசேஷமாம். எனக்காகச் சோறு கட்டி எடுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தார். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்தார். ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டுப் போகிற நேரத்தில், "ஒங்க அண்ணனுக்கு ஒரு கம்பளியாவது வாங்கிக் குடுக்கணும் பூரணி, மார்கழியிலருந்து சாக்கைப் போத்திக்கிட்டுக் கண்ணாடிக்குள்ளதான் படுக்கிறாரு" என்றார். எனக்குப் புரியவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன்.

வாரத்தில் இரண்டு நாள் வந்து பார்த்தால் போதாது என்று முதல் வாரத்திலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அசீசாவுக்கு முழங்கால் வீக்கம், பீலியிலிருந்து தண்ணீர் தூக்க முடியவில்லை. அதை அவர் எனக்கு எழுதவில்லை, நீங்களும் எழுதவில்லை. தினமும் வந்தீர்கள். பெரட்டுக்குப் போகாத நாள் கூடிக் கூடி, டிசம்பரில் தோட்டத்தில் உங்கள் பேரை வெட்டிவிட்டார்கள். காம்பரா அண்ணி பேரில் நிற்கிறது. அண்ணி உங்களோடு பேசுவதில்லை. இத்தனையும் நடந்த பிறகுதான் பூவுக்கு மந்திரிக்கிற கதையை எனக்குச் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறீர்கள்.

செக்ரோலில் பேர் இல்லாதவன் எங்கே போய் நிற்பான் என்று கேட்டது நீங்கள். அந்தப் பேரை எனக்காக விட்டிருக்கிறீர்கள். நான் உங்களை என்னென்ன எழுதினேன்! நேற்றிலிருந்து அதே நினைப்பு. அழுதால் இருமல் வருகிறது, இருமினால் நர்ஸ் வருகிறாள், அதனால் அழவும் முடியவில்லை.

உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். செடிக்காக இல்லை, சொல்லாமல் இருந்ததற்காக. கம்பளி வாங்கிக் கொடுக்கச் சொல்லி அசீசாவிடம் சொல்லியிருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

அந்த ஒன்பதையும் தொடாதீர்கள். தண்ணீர் மட்டும், அதுவும் கொஞ்சமாக.

பூரணி

*

கொட்டகலை
28.4.1963

பூரணிக்கு,

கம்பளி வந்தது. நன்றாக இருக்கிறது.

சொல்லியிருந்தால் நீ ஆஸ்பத்திரியை விட்டு ஓடி வந்திருப்பாய். அதனால் சொல்லவில்லை. பேர் போனதும் இரண்டு நாள் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்துக் கிடந்தேன். மூன்றாம் நாள் செடிக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது, எழுந்துவிட்டேன்.

கட்டைகளைப் பற்றி எழுத வேண்டும். உன் கடிதத்துக்கு முன்பே ஒன்பதிலும் கணுவில் துளிர் கிளம்பியிருந்தது. எழுதினால் கண்பட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு சாண் வெட்டிலே கணு இல்லாமல் செத்துப்போனது, முழங்கால் வெட்டிலே இரண்டு கணு மிஞ்சியிருக்கிறது. என் கைவேலை கொன்றது, இடுப்பு வலி பிழைக்க வைத்தது. இருபத்தாறு வருஷப் பெருமைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இப்போது தோளுயரம் இருக்கிறது. பத்து மணிக்குத் தட்டினேன், தினமும் தட்டினேன். காய் பிடித்து எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது. வெறும் ஒன்பது செடிதான். கத்தி உறையிலேயே இருக்கிறது.

இன்னொரு சேதி. வீரய்யா கங்காணி நேற்று நேரில் வந்தார். மேல்மலையில் கவ்வாத்து தொடங்கப் போகிறதாம், கை தேர்ந்த ஆள் பற்றாக்குறை. மே பதின்மூன்றாம் தேதி திங்கட்கிழமை பெரட்டுக்கு வந்து நின்றால் பேரை மறுபடி எழுதுவார்களாம். அன்றைக்கு வராவிட்டால் இனி எந்தக் காலத்திலும் கிடையாது என்று கண்டாக்கையா சொல்லி அனுப்பியிருக்கிறார். மீனம்மா நாலு மாதத்துக்கு அப்புறம் என்னோடு பேசினாள். போயிருங்க என்றாள்.

நான் போனால் ஒன்பதும் ஒரு வாரம் தாங்காது. மழை வேறு வரப்போகிறது, நானா இடத்தைப் பார்க்க வருவார். உன்னிடம் நான் இதுவரை எதையும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், என்ன செய்யட்டும்?

சோலைமலை

*

ஆஸ்பத்திரி
4.5.1963

திரு. சோலைமலை அவர்களுக்கு,

போய்விடுங்கள்.

யோசித்துத்தான் எழுதுகிறேன். ஒன்பது செடிக்காக ஒரு மனிதன் தன் பேரை விடக்கூடாது. எனக்குச் சளி இரண்டு தடவை சுத்தமாக வந்திருக்கிறது. அடுத்த மாதம் அனுப்பிவிடுவார்கள் போலிருக்கிறது. ஆனால் ஒரு வருஷம் குனிந்து நிமிர்ந்து வேலை கூடாது, தண்ணீர் தூக்கக் கூடாது, புழுக்கத்தில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த மூன்றும்தானே கண்ணாடிக் கொட்டகை? நான் வந்தாலும் அதை நடத்த முடியாது. இதை மூன்று வாரமாக உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். சொல்லாமல் இருப்பதில் நானும் உங்கள் தங்கைதான்.

நானாவுக்கு இடத்தைக் கொடுத்துவிடுங்கள். கண்ணாடியை யாராவது கேட்டால் கொடுங்கள். நான் எங்காவது ஒரு வீட்டில் சமைத்துப் பிழைத்துக்கொள்வேன். ஐந்து வருஷம் யாருடைய பெரட்டுக்கும் நிற்காமல் வாழ்ந்தேன். அவ்வளவு கிடைத்ததே பெரிசு. எனக்கு உண்மையாகவே களைத்துவிட்டது. உங்களுக்கும் களைத்திருக்கும்.

திங்கட்கிழமை நேரத்தோடு போங்கள். பிந்தினால் சேர்க்க மாட்டார்கள்.

பூரணி

*

கொட்டகலை
26.5.1963

பூரணிக்கு,

நீ சொன்னபடி திங்கட்கிழமை நேரத்தோடு போனேன். மழை பிடித்துக்கொண்டது. பெரட்டுக்களத்தில் அதே இடத்தில் நின்றேன், அன்றைக்கு உன்னைப் பார்த்துக் கத்தின அதே இடம். கண்டாக்கையா செக்ரோலைத் திறந்து வைத்துக்கொண்டு பேர் என்ன என்று கேட்டார். என்னை இருபத்தாறு வருஷமாகத் தெரிந்த மனிதர்.

பேரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து, கூரைக் கண்ணாடியை மூடாமல் வந்துவிட்டேன் என்று ஞாபகம் வந்தது. மழைத் தண்ணீர் இலையில் விழும், ஒரு சொட்டு படக்கூடாது என்று நீ எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு செக்ரோலில் எனக்கு மனம் நிற்கவில்லை. கத்தியை எடுத்து அவர் மேசையில் வைத்தேன்.

"இது தோட்டத்துக் கத்திங்க. பிடி மட்டுந்தான் நான் போட்டது. அதையும் வச்சிக்கங்க" என்றேன்.

எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திரும்பி நடந்தேன். தேயிலை ஆலை வரைக்கும் கால் நடுங்கியது. முதுகுக்குப் பின்னால் அத்தனை கண். பயம் என்றால் அப்படி ஒரு பயம். நீ அன்றைக்குத் தலையில் கண்ணாடியோடு, புருசனைப் பறிகொடுத்த மூன்றாம் மாதத்தில், நானும் பின்னாலிருந்து கத்த, இதே வழியில் நடந்து போனாய். எப்படி நடந்தாய் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

வந்து பார்த்தேன், கண்ணாடியை அசீசா மூடி வைத்திருந்தார்.

மழையில் வெளியே எங்கும் தக்காளி இல்லை. சம்பளச் சனிக்கிழமை முதல் பழங்களைப் பறித்து மீனம்மாவிடம் கொடுத்துவிட்டேன். முறைத்துக்கொண்டேதான் வாங்கினாள். தோட்டத்து வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்தாளாம். அப்புமார் யாரும் வரவில்லை, நம் ஆட்களே சம்பளத்தோடு வந்து ரசத்துக்கென்று இரண்டு, மூன்று வாங்கிப் போயிருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் கூடை காலி. இன்னும் இல்லையா என்று திட்டினார்களாம். நானா வந்து கதவைத் திறந்து ஒன்பதையும் பார்த்தார். "பயிர்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். முப்பத்தொன்பது நாற்று புதிதாக விட்டிருக்கிறேன்.

குனிவதையும் தூக்குவதையும் நான் செய்கிறேன். எதை வெட்டக்கூடாது என்று சொல்ல எனக்கு ஒரு ஆள் வேண்டும். வந்துவிடு.

சோலைமலை

*

ஆஸ்பத்திரி
8.6.1963

அண்ணே,

போகச் சொன்னால் போகாமல், வெட்டாதே என்றால் வெட்டி, உங்களோடு என்னால் முடியவில்லை. கடிதத்தை நாலு தடவை படித்தேன். அன்றைக்கு நான் எப்படி நடந்தேன் என்று இந்த ஐந்து வருஷத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கும் கால் நடுங்கத்தான் செய்தது. நீங்கள் பின்னால் வருவீர்கள் என்று ஆலை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

பதினாலாம் தேதி வெள்ளிக்கிழமை என்னை விடுகிறார்கள். கண்ணாடிக்குள் வரமாட்டேன், கடை ஓரத்தில் உட்கார்ந்து விற்கிறேன். அண்ணி தோட்டத்து வாசலைப் பார்த்துக்கொள்ளட்டும். நாற்றை நெருக்கி நடாதீர்கள், நான் வந்து இடைவெளி சொல்கிறேன்.

ரயில் கொட்டகலைக்கு வரப் பின்னேரம் ஆகும். ஸ்டேஷனில் காலையிலிருந்தே வந்து நிற்க வேண்டாம், நின்றாலும் நிற்பீர்கள். பத்து மணிக்குப் பூவைத் தட்டிவிட்டு வாருங்கள்.

பூரணி